என் காலுக்குச் சாட்சி சொன்னவர்

செய்தி வந்தபோது நான் பள்ளிக்கூடச் சீருடைகளைப் பிரித்து வைத்து தையலில் குறை தேடிக்கொண்டிருந்தேன். கோவில்பட்டியில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் போனில் கூப்பிட்டு, “அண்ணாச்சி, நம்ம மெக்கானிக் அருளப்பன் போயிட்டாரு. காலைல நெஞ்சு வலின்னு சொல்லியிருக்காரு, ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சிட்டுது” என்றார். சரி என்று வைத்துவிட்டேன். அதன்பின் மனதில் முதலில் ஓடியது என்ன தெரியுமா? இனி என் வண்டியை யாரிடம் விடுவது என்பதுதான். ஒரு மனிதன் செத்த செய்தி கேட்டவன் நினைக்கிற நினைப்பா அது? கையிலிருந்த சட்டையை மடித்து வைத்தேன். அழுகை வரவில்லை. வெட்கம்தான் வந்தது. இன்றுவரை அதுதான் இருக்கிறது.

முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு சிறு நினைவு மலர் அச்சுப் போடுகிறோம், நீங்களும் எழுதித் தாருங்கள் என்று எட்டயபுரம் ரோட்டு ஒர்க்‌ஷாப்காரர்கள் கேட்டார்கள். நான் துணி தைத்து விற்கிறவன். புதியம்புத்தூரில் சின்னதாக ஒரு ரெடிமேட் யூனிட். கடைவிளம்பரத்தைத் தவிர வேறு எதுவும் எழுதிப் பழக்கமில்லை. கேட்டவர் போகும்போது, “அந்த பிரேக் சமாச்சாரத்தை மட்டும் விட்டுருங்க அண்ணாச்சி, செத்தவர் பேரு கெட வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சமாச்சாரம் ஒன்றை எழுதத்தான் நான் பேனாவை எடுத்தேன். அருளப்பனிடம் வண்டி விட்டவர்கள், விடாமல் போனவர்கள், இரண்டு பேரும் இதைப் படிக்க வேண்டும். விடாமல் போனவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

அவர் பட்டறையில் கையாள் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். வைத்துக்கொள்ளவே மாட்டேன் என்பார். ஆனால் பிரேக்கில் ஏர் எடுக்கும் வேலை, அதாவது ஆயில் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றும் வேலை, ஒருவரால் ஆகாது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும், ஒருவர் சக்கரத்தடியில் படுத்து, காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். அதற்கு அவர் பிடிப்பது வண்டிக்குச் சொந்தக்காரரைத்தான். வெள்ளை வேட்டியோ பட்டுச் சேலையோ, வக்கீலோ பால்காரரோ, யாராக இருந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார வேண்டும். வெறுங்காலில்தான் மிதிக்க வேண்டும். “வண்டிக்காரரு காலுக்குத் தெரியணும் அண்ணாச்சி, நாளைக்கு ரோட்டுல நானா வந்து மிதிக்கப் போறேன்?” என்பார். கீழேயிருந்து குரல் மட்டும் வரும். மிதிங்க. பிடிங்க. அந்தப் ‘பிடிங்க’வில் கால் தரையோடு இறங்கும், அவர் நிப்பிளை மூடி ‘விடுங்க’ என்று சொல்லும்வரை காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் வெளிக்காற்று உள்ளே போய்விடும், செய்த வேலை பாழ். காலை எடுத்தவர்கள் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு காலேஜ் வாத்தியார் அவசரப்பட்டு எடுத்துவிட்டார். அருளப்பன் வெளியே தலையை நீட்டி, “சார், பசங்க பரீட்சை எழுதுதப்ப பேப்பரைப் பிடுங்குவீங்களா?” என்று கேட்டார். வாத்தியாரே சிரித்துவிட்டார்.

முடிவில் ஒரு கேள்வி கேட்பார். “காலு என்ன சொல்லுது?” கல்லு மாதிரி இருக்கிறது என்று நாம் சொன்னால்தான் சக்கரத்தை மாட்டுவார். பஞ்சு மாதிரி என்றால் மறுபடியும் படுப்பார். அவர் கையால் ஒருமுறை, காலால் ஒருமுறை சோதித்துப் பார்ப்பார்தான். ஆனாலும் நம் காலைக் கேட்காமல் வண்டியைத் தர மாட்டார்.

என் கால் பற்றி எனக்கு அப்போது பெரிய மதிப்பு உண்டு. வாலிபத்தில் தூத்துக்குடிக்குத் துணிக்கட்டு ஏற்றி வேன் ஓட்டியவன் நான். பழைய வண்டிகளில் ஒரே மிதியாக மிதித்தால் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டு வண்டி இழுத்துக்கொண்டு போகும். மிதித்து, விட்டு, மிதித்து, விட்டு நிறுத்த வேண்டும். அது எனக்குக் கைவந்த கலை; கால்வந்த கலை என்றுதான் சொல்ல வேண்டும். பிள்ளைகள் வண்டி ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்லிக்கொண்டே வருவேன். பெரியவன் கணேசன் ஒருநாள் பசுவந்தனையில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டான். அவ்வளவு தொந்தரவு கொடுத்திருக்கிறேன். பிறகு அந்தப் பழைய காரை விற்றுவிட்டு, ஏபிஎஸ் வைத்த ஒரு கார் கைமாற்றி வாங்கினோம். பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அதுவே பார்த்துக்கொள்ளுமாம். அதெல்லாம் ஓட்டத் தெரியாதவனுக்கு என்று அருளப்பனிடமே சொன்னேன். அவர் சிரித்ததோடு விட்டுவிட்டார்.

அந்தக் காரின் முன்சக்கரத்தில் பிரேக் ஆயில் கசிகிறது என்று அவரிடம் கொண்டுபோனேன். பழுதான பாகத்தை மாற்றிவிட்டு ஏர் எடுக்க ஆரம்பித்தார். நான் வழக்கம்போல் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தேன். என் வாயும் சும்மா இருக்கவில்லை. சம்பந்தி வீட்டுச் சண்டை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கீழே படுத்தபடி கேட்டுக் கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் இரண்டு பேருமே முன்னால் இருந்த ஆயில் கப்பை மறந்துவிட்டோம். ஏர் எடுக்க எடுக்க அதில் ஆயில் குறையும். இடையிடையே எழுந்து ஊற்ற வேண்டும். அவர் எழுந்து பார்த்தபோது கப் வறண்டு கிடந்தது. எல்லாக் குழாயிலும் காற்று. தலையில் அடித்துக்கொண்டார். மறுபடியும் ஆயில் ஊற்றி, நாலு சக்கரத்துக்கும் முதலிலிருந்து ஆரம்பித்து, வெயில் சாயும்வரை வேலை பார்த்தோம். கடைசியில் பெடல் கல்லு மாதிரிதான் நின்றது. நான் அப்படித்தான் சொன்னேன், அது பொய்யில்லை. ஓட்டிப் பார்த்துவிட்டு அவரும் சரி என்றார். நான் வீட்டுக்கு வந்தேன்.

அதற்கு அடுத்த வாரம், ஒட்டப்பிடாரம் வருவதற்கு முன்னால், முந்தின நாள் பெய்த மழையில் கரிசல் மண் ரோட்டோரமெல்லாம் பிசைந்து கிடந்த ஒரு காலை வேளையில், ஒரு வளைவைத் தாண்டியதும் ஆட்டுமந்தை. ஓடையிலிருந்து மேலேறி ரோட்டை நிறைத்து வந்துகொண்டிருந்தது. மிதித்தேன். என் உள்ளங்காலை ஏதோ கடகடவென்று உதைத்தது. பிறகு பெடல் கீழே போனது போல் இருந்தது. வண்டி நிற்கவில்லை. ஆடுகள் மேல் போய், மந்தைக்குப் பின்னால் ஆடுகளை ஓட்டி வந்த கீதாரியைத் தட்டிவிட்டு, பருத்திக் காட்டுக்குள் இறங்கி மண்ணில் புதைந்து நின்றது. ஆடுகள் செத்தன. அந்த மனிதருக்குக் கை முறிந்தது. பக்கத்தில் இருந்த என் மனைவி பார்வதிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவள் இறங்கி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைவிட நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

கூட்டம் கூடியது. ரோட்டைக் குனிந்து பார்த்தார்கள். டயர் தேய்ந்த கறுப்புத் தடம் இல்லை. “பெரியவரு பிரேக்கே பிடிக்கலைய்யா, பாரு, தடமே விழலை” என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் அதையே சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் நானும் அதை நம்ப ஆரம்பித்துவிட்டேன். ஸ்டேஷனிலும் அப்படித்தான் சொன்னேன். கால் நேரத்துக்குப் போகவில்லை, என் மேல்தான் தப்பு என்று. கை முறிந்த கீதாரியை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. “வயசாயிட்டுல்லா, பிள்ளைகளை ஓட்டச் சொல்லுங்க” என்றார். அவருக்கும் என் வயதுதான் இருக்கும்.

வீட்டில் கணேசன் சாவியை எடுத்து பீரோவில் வைத்துவிட்டான். பேசி முடிவெடுத்தெல்லாம் இல்லை, எடுத்து வைத்துவிட்டான். நானும் கேட்கவில்லை. யூனிட்டுக்கு நடந்து போனேன். தையல் போடும் பெண்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். டீக்கடைக்குப் போவதை விட்டேன். மாடிப்படி இறங்கும்போது கூட வலது காலைப் பார்த்துப் பார்த்து வைத்தேன். பார்வதி ரசம் ஊற்றும்போது டம்ளரைப் பிடித்திருந்த என் கை கொஞ்சம் ஆடினால், காலோடு சேர்ந்து கையும் போய்விட்டதோ என்று அவள் முகம் வாடும். ஒரு மனிதனுக்குத் தன் உடம்பு மேல் நம்பிக்கை போய்விட்டால் அவன் வீட்டில் இருக்கும் ஒரு நாற்காலிதான். யாரும் அவனை ஒன்றும் சொல்ல மாட்டார்கள், நகர்த்தி மட்டும் வைப்பார்கள்.

வண்டி ஸ்டேஷனில் கிடந்து, பிறகு டிங்கரிங் பட்டறையில் கிடந்து, கடைசியாக பிரேக் பார்ப்பதற்காக அருளப்பனிடம் போயிருக்கிறது. அது போன சில நாட்களில், ஒரு மத்தியானம், அவர் புதியம்புத்தூருக்கே வந்துவிட்டார். பஸ்ஸில் வந்திருந்தார். தேய்த்த சட்டை, படிய வாரிய தலை. பட்டறைக்கு வெளியே அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை, முதலில் அடையாளமே தெரியவில்லை. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. என் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள், தையல் பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். உள்ளே அறைக்குப் போய்ப் பேசலாம் என்றேன். வேண்டாம், இங்கன வச்சே சொல்லுதேன் என்றார்.

“அண்ணாச்சி மேல தப்பு இல்ல. ஏபிஎஸ் பெட்டிக்குள்ள காத்து நின்னிருக்கு. அன்னைக்கு ஆயில் கப்பு வத்துனதுல போயிருக்கு. நான் கையால எடுத்ததுல அது வரலை. மெசினு போட்டு அந்தப் பெட்டியை ஓட விட்டாத்தான் வரும். நான் அதைச் செய்யாம வண்டியைக் கொடுத்துட்டேன். அவிய சரியாத்தான் மிதிச்சிருக்காவ. இந்த வண்டில பிரேக் பிடிச்சாத் தடம் விழாது.”

சொல்லச் சொல்ல ஒவ்வொரு தையல் மெஷினாக நின்றது. கணேசன் எழுந்து போய் அவர் சட்டையைப் பிடித்தான். எங்க அப்பாவைக் கொல்லப் பார்த்தீரா என்று கத்தினான். எங்க அம்மா உள்ள இருந்தா தெரியுமா என்றான். அருளப்பன் கையைத் தூக்கவில்லை, தலையைத் தூக்கவில்லை. சின்னவன்தான் வந்து விலக்கிவிட்டான்.

நான் என்ன செய்தேன்? கேட்டேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

“அப்போ என் காலு சரியாத்தான் போச்சா?”

“போச்சு அண்ணாச்சி” என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் இலேசாகிவிட்டது. சந்தோஷம். உண்மையாகவே சந்தோஷம். எதிரில் ஒரு மனிதன் கசங்கிய சட்டையோடு தையல்காரப் பெண்கள் முன்னால் தலைகுனிந்து நிற்கிறான். எனக்கு எழுந்து நாலு தெரு சுற்றிவர வேண்டும்போல் இருக்கிறது. சுற்றினேன். அன்று சாயங்காலமே டீக்கடைக்குப் போய்விட்டேன். கேட்டவர், கேட்காதவர் எல்லோருக்கும் சொன்னேன். பிரேக்கில் காற்றை வைத்து அனுப்பிவிட்டான் மெக்கானிக், என் கால் நல்ல கால் என்று சொன்னேன். கோவில்பட்டிக்குப் போகும்போதெல்லாம் அங்கேயும் சொன்னேன். கயத்தாறில் லாரிக்காரர்களிடம் கூடச் சொன்னேன். சொல்லச் சொல்லக் கதை நன்றாக வந்தது. அருளப்பன் அதில் கொஞ்சம் கொஞ்சமாக முட்டாளாகிக்கொண்டே போனார்.

அவர் மறுக்கவில்லை. மறுக்காததோடு நில்லாமல் அவரே சொல்லவும் ஆரம்பித்தார். ஏபிஎஸ் வண்டி எது வந்தாலும் வேலையைத் தொடுவதற்கு முன்னால் சொந்தக்காரரை உட்கார வைத்து, “ஒரு தடவை நான் பெட்டிக்குள்ள காத்தை விட்டுட்டேன், ஒரு ஆளுக்குக் கை முறிஞ்சிட்டு. இப்போ மெசினு போடாமக் கொடுக்க மாட்டேன், ரெண்டு நாள் ஆகும். சம்மதமா?” என்று கேட்பார். பாதிப்பேர் அப்படியே சாவியை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். நானே ஒருநாள் அங்கே உட்கார்ந்திருந்தேன். அவர் மேல் கோபமெல்லாம் எனக்கு இல்லை, வண்டியை அவரிடம்தான் விட்டுக்கொண்டிருந்தேன். பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன் போலிருக்கிறது. விளாத்திகுளத்திலிருந்து வந்த ஒரு மிளகாய் வியாபாரி அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். எனக்கு ஒருமாதிரி கூச்சமாக இருந்தது. அந்தக் கதையில் நானும் இருக்கிறேனே.

போதும், இனி இதைச் சொல்லாதேயும் என்றேன். எல்லோரும்தான் தப்பு செய்கிறோம், நான் தைத்த சட்டை கிழியவில்லையா என்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே, “சட்டை கிழிஞ்சா ஆளுக்குத் தெரியும் அண்ணாச்சி. பிரேக்கு கெட்டா, மிதிச்சவன் தன் காலைத்தான் சந்தேகப்படுவான்” என்றார். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்தது. அதையும் நாலு பேரிடம் என் கதையோடு சேர்த்துச் சொன்னேன்.

பட்டறையில் கூட்டம் குறைந்தது உங்களுக்கே தெரியும். பிறகு டிராக்டரும் பழைய வேன்களும்தான் அதிகம் வந்தன. அவர் மனைவி மேரியம்மா என்னைப் பார்த்தால் காப்பி கொடுப்பார், ஆனால் பேச மாட்டார். குணமே அப்படிப் போல என்று நினைத்திருந்தேன்.

அடக்கத்துக்கு நான்தான் கார் ஓட்டிக்கொண்டு போனேன். பார்வதியும் கணேசனும் உடன் வந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டு முடித்துவிட்டு எல்லோரும் கலைந்துகொண்டிருந்தபோது ஒருவர் என்னிடம் வந்தார். தாவீது என்று பெயர் சொன்னார். திருநெல்வேலியில் வண்டிகளைச் சோதிக்கும் ஸ்கேனர் மெசின் வைத்து வேலை பார்க்கிறவர், அருளப்பனுக்கு அந்த மெசினோடு வந்து உதவுகிறவர். என் காரை அன்று சோதித்ததும் அவர்தானாம். நான் வழக்கம்போல் என் கதையை ஆரம்பித்தேன். பாவம், அருளப்பன், அன்றைக்கு ஒரு சின்ன கவனக்குறைவு என்றேன்.

தாவீது என்னை ஒருமாதிரியாகப் பார்த்தார். “அவரு உங்ககிட்ட சொல்லவே இல்லையா?” என்றார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். காரைச் சோதித்தபோது பெடல் நன்றாகத்தான் இருந்ததாம். மெசினைப் போட்டு ஏபிஎஸ் பெட்டியை ஓடவிட்டு ஏர் எடுத்தபோது, குழாயில் இரண்டொரு சின்னக் குமிழிதான் வந்ததாம். எந்த வண்டியில் எடுத்தாலும் அந்த அளவு வருமாம். அதனால் பெடல் இறங்காது என்று தாவீது அடித்துச் சொல்லியிருக்கிறார். இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். ஏபிஎஸ் வேலை செய்யும்போது பெடல் காலை உதைக்கும். பழைய வண்டி ஓட்டிப் பழகியவர்கள் பயந்துபோய்க் காலைத் தளர்த்திவிடுவார்கள், இல்லாவிட்டால் விட்டு விட்டு மிதிப்பார்கள். அப்படித்தான் நடந்திருக்கும் என்று சொல்லியிருக்கிறார்.

“அதுக்கு அருளப்பன் அண்ணன் என்ன சொன்னாருன்னா, குமிழி வந்துச்சுல்லா, வரலைன்னு உன்னால சொல்ல முடியுமான்னு கேட்டாரு. வந்துச்சு, ஆனா அது காரணமா இருக்காதுன்னேன். இருக்காதுன்னு எழுதிக் கொடுப்பியான்னாரு. அப்படி யாரால கொடுக்க முடியும்? அப்போ சந்தேகம் இருக்குல்லா, சந்தேகம் இருந்தா அது வேலை பார்த்தவனுக்குத்தான் சேரணும், வண்டிக்காரருக்குச் சேரக் கூடாதுன்னு சொல்லிட்டாரு. அந்தப் பெரியவரு வீட்டை விட்டு வெளிய வர மாட்டேங்காராம், மாடிப்படி இறங்கப் பயப்படுதாராம்னு யாரோ சொல்லியிருக்காங்க. ரெண்டு நாளா அதையேதான் பேசிக்கிட்டிருந்தாரு.”

கல்லறையில் யாரோ ஊதுபத்தி கொளுத்தியிருந்தார்கள். அந்தப் புகையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது ஒன்று ஞாபகம் வந்தது. வண்டியைச் சரிசெய்து கொடுத்த அன்று அருளப்பன் என்னைக் காற்றாலைகள் நிற்கிற பக்கம் ஒரு சரளைக்கல் பாதைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வண்டியை வேகமாக விடச் சொல்லி, பிறகு ஓங்கி மிதிக்கச் சொன்னார். பெடல் கடகடவென்று உதைத்தது. “உதைச்சா உதைக்கட்டும் அண்ணாச்சி, காலை மட்டும் எடுத்துராதீங்க. இன்னும் அமுக்குங்க” என்றார். மறுபடியும் ஓட்டச் சொன்னார், மறுபடியும். என் கால் அந்த உதைக்குப் பழகும்வரை விடவில்லை. அவருடைய வேலையைத்தான் சோதித்துக் காட்டுகிறார் என்று நான் நினைத்தேன். நன்றாகச் சோதியும், மறுபடியும் காற்றை வைத்து அனுப்பிவிடாதேயும் என்று கிண்டல் வேறு செய்தேன். அவரும் சிரித்தார்.

தாவீதிடம் கேட்டேன். எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொன்ன விஷயத்தை இப்போது கேள்வியாகக் கேட்டேன். “அப்போ அன்னைக்கு நான்தான் காலை எடுத்திட்டேனா?”

“அது உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும் அண்ணாச்சி” என்றார்.

அது தெரிந்தால் சொல்லிவிட மாட்டேனா. அன்றிலிருந்து கண்ணை மூடி மூடிப் பார்க்கிறேன். ஆடு வருகிறது. மிதிக்கிறேன். உதைக்கிறது. அதற்கப்புறம் பெடல் தானாக இறங்கியதா, என் கால் மேலே வந்ததா? சிலசமயம் இறங்கியது போல் இருக்கிறது. சிலசமயம் உள்ளங்காலுக்கும் பெடலுக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருந்தது போல் இருக்கிறது. விட்டு விட்டு மிதிப்பதுதான் எனக்குத் தெரிந்த வித்தை. அதைத்தான் கால் செய்திருக்கும் என்று அடிமனதில் யாரோ சொல்கிறார்கள். நிச்சயமாகத் தெரியவில்லை. அருளப்பனுக்கும் தெரிந்திருக்காது. ஆனால் தெரியாத ஒன்றை இரண்டு பேரில் யார் தலையில் வைப்பது என்று வந்தபோது, அவர் பஸ் ஏறி புதியம்புத்தூருக்கு வந்தார்.

அன்று கல்லறைத் தோட்டத்திலிருந்து நேராக மேரியம்மாவிடம் போனேன். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாமல்தான் போனேன். அவர் என் முகத்தைப் பார்த்ததும், “தாவீது சொல்லிட்டாரா?” என்று கேட்டார். தலையாட்டினேன். எத்தனையோ தடவை உங்களிடம் சொல்லிவிடலாம் என்று வாய்வரைக்கும் வந்தது, அவர்தான் சத்தியம் வாங்கியிருந்தார் என்றார். பிறகு, “நீங்க வாரப்பல்லாம் என்னால பேச முடியலை, பேசினா அது வந்துரும். தப்பா எடுத்துக்கிடாதீங்க” என்றார். தப்பாக எடுத்துக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? கும்பிட்டேன். கையைக் கீழே இறக்கத்தான் தெரியவில்லை.

காருக்கு வந்து சாவியைக் கணேசனிடம் கொடுத்தேன். நீ ஓட்டு என்றேன். ஏன், உடம்புக்கு என்ன என்று பார்வதி பதறினாள். வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒட்டப்பிடாரத்துக்கு முன்னால் அந்தப் பருத்திக் காட்டருகே கணேசன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டான். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தான். “அவரு சட்டையைப் பிடிச்சேனேப்பா” என்றான். பின்னால் பார்வதி மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் அத்தனை பேருக்கும் அவர் ஒருவரே போதுமானவராக இருந்திருக்கிறார், பழி போட.

அருளப்பனைத் தெரிந்தவர்களே, உங்களில் எத்தனையோ பேர் என் பேச்சைக் கேட்டுத்தான் அவர் பட்டறைக்குப் போவதை நிறுத்தினீர்கள். டீக்கடையில் கேட்டவர்கள், கல்யாண வீட்டில் கேட்டவர்கள், நான் முகம் மறந்துபோனவர்கள். ஒவ்வொருவராக வந்து சொல்ல எனக்குத் தெம்பில்லை, அதனால் அச்சில் சொல்கிறேன். அவர் வேலையில் குறை என்று நான் சொன்னதெல்லாம் எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் சொன்னது. அதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். செத்தவர் பேர் கெட வேண்டாம் என்று சொன்னீர்கள். அவர் பேரைக் கெடுத்தது அவருடைய பிரேக் இல்லை, என் வாய்.

அவர் நினைவாக என்ன வைத்திருக்கிறீர்கள் என்று மலர் போடுகிறவர்கள் எல்லோரிடமும் கேட்கிறார்கள். ஒருவர் அவர் கொடுத்த ஸ்பானர் என்கிறார், ஒருவர் அவர் சொன்ன ஒரு வார்த்தை என்கிறார். அவர் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போன பழியைத்தான் நான் இனி வைத்துக்கொள்ளப் போகிறேன். அன்று அந்த வண்டியை ஓட்டி வந்தவன் நான்.